பழைய மொந்தையில் புதிய கள்: கிரெனேடியர் வாகனம் உருவான கதை

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லேண்ட் ரோவர் என்றதும் ஓர் உருவம் கண்முன் வந்து நிற்கும். பெட்டி போன்ற உடல், வட்ட விளக்குகள், வெளியே மாட்டியிருக்கும் ஸ்பேர் டயர், மழைக்காலச் சேற்றிலும் முன்னேறிப் போகும் சக்கரங்கள். துரை வருகிறார் என்பதை அந்த வண்டியின் சத்தமே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

அந்தப் பழைய உருவத்தில் வாகனம் தயாரிப்பதை லேண்ட் ரோவர் நிறுவனம் 2016ஆம் ஆண்டில் நிறுத்திக்கொண்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில், ஏறக்குறைய அதே சாயலில் ஒரு புதிய வாகனம் பிரான்ஸ் நாட்டுத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதன் பெயர் இனியோஸ் கிரெனேடியர். அதைத் தயாரித்த நிறுவனம் அதற்கு முன் ஒரு கார்கூட செய்ததில்லை. அது ஒரு வேதிப்பொருள் நிறுவனம்.

பழைய தோற்றம், புதிய பாகங்கள். இத்தகைய வாகனங்களைத்தான் 'ரெட்ரோ' என்கிறார்கள். பழைய மொந்தையில் புதிய கள் என்று நாம் சொல்லலாம். கிரெனேடியர் உருவான கதையைப் பார்த்தால், பழைய வாகனத்தின் உருவத்தையும் உறுதியையும் மீண்டும் கொண்டுவர முடிந்தது. அதன் விலையையும் பிறந்த இடத்தையும் கொண்டுவர முடியவில்லை. ஏன் என்பதே இக்கட்டுரை.

மூலம்: விவசாயிக்காகப் பிறந்த வண்டி

கிரெனேடியரைப் புரிந்துகொள்ள முதலில் அதன் முன்னோடியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின், பிரிட்டனின் ரோவர் கார் நிறுவனத்தில் தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர் மோரிஸ் வில்க்ஸ். வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே போரில் மிஞ்சிய ஓர் அமெரிக்க ஜீப்பை அவர் வேலைக்குப் பயன்படுத்தினார். இந்த ஜீப் பழுதாகிப் போனால் அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்ற கேள்வியில்தான் லேண்ட் ரோவர் பிறந்தது. 1947இல் ரெட் வார்ஃப் பே கடற்கரை மணலில் அவர் அதன் முதல் வரைபடத்தைக் கீறியதாகச் சொல்லப்படுகிறது.

அப்போது பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீட்டு முறை இருந்தது. அதனால் வண்டியின் உடலுக்கு அலுமினியக் கலவைத் தகடு பயன்பட்டது. தகடுகள் பெரும்பாலும் தட்டையாக இருந்ததற்கும் காரணம் உண்டு. விலையுயர்ந்த அச்சு இயந்திரங்கள் இல்லாமல் எளிய கருவிகளைக் கொண்டே அவற்றை வளைக்க முடிந்தது. இன்று நாம் 'கம்பீரமான பழைய தோற்றம்' என்று ரசிக்கும் அந்தப் பெட்டி உருவம், சிக்கனத்தால் வந்த உருவம்.

1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது உலகுக்கு அறிமுகமானது. தொடக்க விலை 450 பவுண்டு. விவசாயிகளுக்காக எண்ணிச் செய்த வண்டி, விரைவில் இராணுவத்துக்கும் காவல் துறைக்கும் மருத்துவக் குழுக்களுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

மலாயாவுக்கும் அது அப்படித்தான் வந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படைகள் அதைப் பயன்படுத்தின. ரப்பர் தோட்டங்களின் செம்மண் சாலைகளுக்கும் அது பொருத்தமாக இருந்தது. கேமரன் மலைக்குப் போகிறவர்கள் இன்றும், காய்கறிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு சரிவுகளில் இறங்கும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்க்கலாம். பல தகடுகள் நசுங்கியிருக்கும், வண்ணம் உதிர்ந்திருக்கும். வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

1990இல் அதற்கு 'டிஃபென்டர்' என்ற பெயர் வந்தது. 2008இல் ஜாகுவார், லேண்ட் ரோவர் ஆகிய இரண்டையும் இந்தியாவின் டாட்டா மோட்டார்ஸ் வாங்கியது. 2016 ஜனவரி 29ஆம் தேதி, இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் கடைசி டிஃபென்டர் வெளிவந்தது. 67 ஆண்டுகளில் தயாரானவை 2 மில்லியனுக்கும் மேல்.

நிறுத்தியதற்குக் காரணம் என்ன? புகை வெளியேற்றம் குறித்த ஐரோப்பிய விதிகள் இறுகின. மோதலின்போது வண்டிக்குள் இருப்பவரையும் சாலையில் நடப்பவரையும் காக்கும் பாதுகாப்பு விதிகளும் இறுகின. பழைய டிஃபென்டரில் காற்றுப்பை வசதிகூடக் கிடையாது. அதை விதிகளுக்கு ஏற்றபடி மாற்றுவதென்றால் புதிய வண்டியே செய்ய வேண்டியிருக்கும். கையால் செய்ய வேண்டிய வேலைகள் மிகுதி என்பதால் தயாரிப்புச் செலவும் கூடுதலாக இருந்தது.

மதுக்கடையில் முளைத்த எண்ணம்

இங்கேதான் சர் ஜிம் ராட்கிளிஃப் கதைக்குள் வருகிறார். 1952இல் இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் ஃபெயில்ஸ்வொர்த் என்ற ஊரில் பிறந்தவர். வேதிப் பொறியியல் படித்தவர். 1998இல் அவர் தொடங்கிய இனியோஸ், பெரிய எண்ணெய், வேதிப்பொருள் நிறுவனங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆலைகளை வாங்கி வளர்ந்தது. பிரிட்டனின் பெரும் பணக்காரர்களுள் ஒருவரான இவரை, இன்று மான்செஸ்டர் யுனைடெட் காற்பந்துக் குழுவின் பங்குதாரராக நம் இளைஞர்கள் அறிந்திருப்பார்கள்.

ராட்கிளிஃப் டிஃபென்டர் பிரியர். அதன் தயாரிப்பு நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், அச்சுகளையும் உரிமையையும் தமக்கு விற்கும்படி லேண்ட் ரோவரிடம் கேட்டுப் பார்த்தார். அவர்கள் இணங்கவில்லை. அப்படியானால் நாமே செய்வோம் என்று முடிவெடுத்தார். லண்டனின் பெல்கிரேவியா பகுதியில் உள்ள 'தி கிரெனேடியர்' என்ற மதுக்கடையில் நண்பர்களுடன் பேசிக்கொண்டிருந்தபோது இந்த எண்ணம் உருப்பெற்றது. திட்டத்துக்கு அந்தக் கடையின் பெயரையே வைத்தார்கள். பிறகு வாகனத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது.

2017இல் இனியோஸ் ஆட்டோமோட்டிவ் என்ற தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்ற டிர்க் ஹைல்மன், இனியோஸ் குழுமத்தின் பொறியியல் பிரிவிலிருந்து வந்தவர். வடிவமைப்புப் பொறுப்பை ஏற்ற டோபி எக்யுயர், கட்டடக் கலையும் உல்லாசப் படகு வடிவமைப்பும் தெரிந்தவர். இருவரும் கார் உலகத்துக்குப் புதியவர்கள்.

உருவம் யாருக்குச் சொந்தம்?

புதிய வண்டி பழைய டிஃபென்டரைப் போலவே இருக்கப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது.

ஒரு வாகனத்தின் பெயருக்கும் சின்னத்துக்கும் வணிக முத்திரை உரிமை உண்டு என்பது நமக்குத் தெரியும். உருவத்துக்கு உண்டா? பிரிட்டனில் பதிவு செய்யப்பட்ட வடிவமைப்புக்கு அதிகபட்சம் 25 ஆண்டுகள்தான் பாதுகாப்பு. பல பத்தாண்டுப் பழைமையான டிஃபென்டருக்கு அது உதவாது. வணிக முத்திரை அப்படியல்ல. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அதற்கு முடிவே இல்லை.

ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனம் 2016இல் டிஃபென்டரின் உருவங்களை வணிக முத்திரையாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தது. பெயரோ சின்னமோ இல்லாமல் உருவத்தைப் பார்த்தாலே மக்கள் எங்கள் வண்டி என்று அடையாளம் காண்கிறார்கள் என்பது அதன் வாதம். இனியோஸ் அதை எதிர்த்தது.

பிரிட்டனின் அறிவுசார் சொத்து அலுவலகம் 2019இல் இனியோஸ் பக்கம் சாய்ந்தது. இப்படிப்பட்ட வண்டிகளுக்கு இருக்கும் வழக்கமான உருவத்திலிருந்து டிஃபென்டர் போதிய அளவு விலகி நிற்கவில்லை என்பது அதன் கருத்து. வல்லுநர்களுக்கு முக்கியமாகத் தோன்றும் நுட்ப வேறுபாடுகளைச் சாதாரண வாடிக்கையாளர் கவனிக்காமலும் இருக்கலாம் என்றும் அது கருதியது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2020 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றமும் அந்த முடிவை உறுதிசெய்தது.

இத்தீர்ப்பைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. கிரெனேடியர் நகலா இல்லையா என்று நீதிமன்றம் முடிவு சொல்லவில்லை. அந்த உருவத்தை ஒரு நிறுவனம் மட்டும் முத்திரையாக வைத்துக்கொள்ள முடியாது என்றே சொன்னது. இனியோஸுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2020 ஜூலை 1ஆம் தேதி கிரெனேடியரின் வெளித்தோற்றத்தை அது வெளியிட்டிருந்தது.

பாகங்கள் எங்கிருந்து வந்தன?

புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவர் இன்ஜினிலிருந்து இருக்கை வரை எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய முயன்றால் பல ஆண்டுகள் போய்விடும். இனியோஸ் அந்த வழியில் போகவில்லை. ஒவ்வொரு வேலையிலும் கைதேர்ந்த நிறுவனத்தைத் தேடிப் பிடித்தது.

இன்ஜின் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூவிடமிருந்து வந்தது. பெட்ரோல், டீசல் என இரண்டு வகை. இரண்டுமே 3 லிட்டர், 6 சிலிண்டர். 8 வேகத் தானியங்கி கியர் பெட்டியை ஜெர்மனியின் இசட்எஃப் தந்தது. அச்சுகளை இத்தாலியின் கராரோ செய்தது. அது டிராக்டர்களுக்கு அச்சு செய்து பெயர் பெற்ற நிறுவனம். பிரேக் பிரெம்போ, இருக்கை ரெகாரோ.

இவற்றையெல்லாம் ஒரே வண்டியாக இணைக்கும் பொறியியல் வேலையை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் உள்ள மேக்னா ஸ்டெயர் ஏற்றது. மெர்சிடிஸ் ஜி கிளாஸ் வண்டியை 1979 முதல் உருவாக்கிவரும் இடம் அது. அந்த நகரை ஒட்டியுள்ள 1,445 மீட்டர் உயர ஷோக்கல் மலையின் பாறைப் பாதையில்தான் ஜி கிளாஸைச் சோதிப்பார்கள். கிரெனேடியரின் மாதிரி வண்டிகளும் அதே பாதையில் ஏறி இறங்கின. மொரோக்கோவின் பாலைவனத்திலும் சோதனை நடந்தது. மொத்தம் 1.8 மில்லியன் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்ததாக இனியோஸ் கூறியது.

சேற்றில் சிக்காத சூட்சுமம்

இன்றைய எஸ்யுவி வாகனங்களில் பெரும்பாலானவை உயரமான கார்கள்தாம். உடலும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும். நெடுஞ்சாலையில் அது சுகம். கிரெனேடியர் பழைய வழியைத் தேர்ந்தெடுத்தது. அதில் நான்கு அம்சங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, ஏணிச் சட்டம். இரண்டு நீண்ட எஃகுத் தண்டுகளும் அவற்றை இணைக்கும் குறுக்குத் தண்டுகளுமாக, படுக்கவைத்த ஏணி போல் இருக்கும். உடல் அதன்மேல் தனியாக அமரும். நம் லோரிகளுக்கும் இதே அமைப்புதான். மேடுபள்ளத்தில் வண்டி முறுக்கப்படும்போது சட்டம் அந்த விசையைத் தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, முன்னும் பின்னும் முழு அச்சு. இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் ஒரே உறுதியான அச்சு இணைக்கிறது. ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினால் மறு சக்கரம் கீழே அழுத்தப்பட்டுத் தரையைப் பற்றிக்கொள்ளும். இதில் ஒரு குறையும் உண்டு. நெடுஞ்சாலையில் வண்டி காரைப் போல மென்மையாக ஓடாது. கிரெனேடியரின் ஸ்டீயரிங்கும் பழைய பாணி. திருப்பிய பிறகு தானாக நேராவதில் அது மந்தம் என்பது, ஓட்டிப் பார்த்த பலர் சொன்ன குறை.

மூன்றாவது, டிஃபரன்ஷியல் பூட்டு. சாதாரணமாக, வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்ற வேண்டும். அதற்கு இடம்தருவது டிஃபரன்ஷியல். சேற்றில் அதுவே வினையாகிவிடுகிறது. வழுக்கும் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், பிடிப்புள்ள சக்கரம் அசையாது. மழை பெய்த செம்மண் பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பூட்டைப் போட்டால் இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுற்றியே ஆக வேண்டும். கிரெனேடியரில் நடு டிஃபரன்ஷியலுக்குப் பூட்டு எல்லா வண்டிகளிலும் உண்டு. முன், பின் அச்சுகளுக்கும் அதைச் சேர்த்து வாங்கலாம்.

நான்காவது, தாழ்நிலை கியர். இதைப் போட்டால் சக்கரங்களின் வேகம் 2.5 மடங்கு குறையும், இழுவிசை அதே அளவுக்குக் கூடும். செங்குத்தான ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியை நகர்த்த இது உதவும்.

உள்ளே அமர்ந்தால்

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்ததும் கண்ணில் படுவது தலைக்குமேல் உள்ள பொத்தான்கள். விமானி அறையைப் போல வரிசையாக அமைந்த இவற்றைக் கையுறை போட்டுக்கொண்டே அழுத்தலாம். வண்டியைத் திறவுகோல் திருகித்தான் இயக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் கையால் இழுக்கும் பழைய நெம்புகோல். தரையில் தண்ணீர் வடியும் துளைகள் இருப்பதால் சேறு படிந்தால் கழுவிவிடலாம். பின்கதவு 30க்கு 70 என்ற அளவில் இரண்டாகப் பிரிந்து திறக்கிறது.

இன்னொரு சுவையான ஏற்பாடு, இரண்டு ஹாரன்கள். ஒன்று வழக்கமான உரத்த ஒலி. மற்றொன்று சைக்கிளில் போகிறவர்களைத் திடுக்கிட வைக்காமல் மெதுவாக எச்சரிக்கும் சிறிய ஒலி.

ஆனால் இது முழுக்கப் பழைய வண்டி என்று எண்ணிவிடக் கூடாது. நடுவில் ஒரு திரை இருக்கிறது, வேகத்தையும் அதில்தான் பார்க்க வேண்டும். காற்றுப்பைகள் உண்டு. இன்ஜினும் கியர் பெட்டியும் கணினியின் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. பழைய லேண்ட் ரோவரைச் சுத்தியலும் ஸ்பேனரும் வைத்துக்கொண்டு பட்டறையில் பிரித்து மாட்டியதைப் போல இதைச் செய்துவிட முடியாது. இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட, போஷ் பழுதுபார்ப்பு நிலையங்களுடன் இனியோஸ் ஒப்பந்தம் செய்துகொண்டது.

வேல்ஸ் இழந்தது, பிரான்ஸ் பெற்றது

வண்டியின் வடிவமைப்பைவிடப் பலருடைய வாழ்க்கையைத் தொட்ட பகுதி, அதை எங்கே செய்வது என்ற முடிவுதான்.

வேல்ஸின் தெற்கில் பிரிட்ஜெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1980 முதல் ஃபோர்டு நிறுவனத்தின் இன்ஜின் தொழிற்சாலை இயங்கியது. 2019 ஜூனில், அதை மூடப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. சுமார் 1,700 பேரின் வேலை கேள்விக்குறியானது. மூன்றே மாதத்தில் அந்த ஊருக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. கிரெனேடியரைப் பிரிட்ஜெண்டில் செய்யப்போவதாக 2019 செப்டம்பரில் இனியோஸ் அறிவித்தது. முதலில் 200 பேருக்கு வேலை, பிறகு 500 பேர் வரை. உடலும் சட்டமும் போர்ச்சுகலின் எஸ்தர்ரேஜா நகரில் தயாராகி வரும் என்பது திட்டம்.

அடுத்த ஆண்டு கொவிட் பெருந்தொற்று வந்தது. ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம், பிரான்ஸில் தனக்கு இருந்த ஹம்பாக் தொழிற்சாலையை விற்க முன்வந்தது. ஜெர்மன் எல்லைக்கு அருகில் உள்ள அந்த ஆலை 'ஸ்மார்ட்' என்ற இரண்டு பேர் அமரும் குட்டிக் காரைச் செய்வதற்காக 1997இல் திறக்கப்பட்டது. கட்டடம், இயந்திரம், பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் எல்லாம் தயார்நிலையில் இருந்தன. பாகம் தரும் நிறுவனங்களும் பக்கத்தில்.

2020 ஜூலையில் இனியோஸ் பிரிட்ஜெண்ட் திட்டத்தை நிறுத்திவைத்தது. செப்டம்பரில் ஃபோர்டு ஆலை மூடப்பட்டது. டிசம்பரில் ஹம்பாக்கை வாங்குவதாக இனியோஸ் உறுதிசெய்தது. அங்கே சுமார் 1,300 வேலைகள் காப்பாற்றப்படும் என்றும் கூறியது. ஒரே முடிவு, ஆலையை இழக்கவிருந்த பிரெஞ்சு ஊருக்கு ஆறுதலும், ஆலையை ஏற்கெனவே இழந்த வேல்ஸ் ஊருக்கு இரண்டாவது அடியும் ஆனது.

பிரிட்டனில் இது கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. ராட்கிளிஃப் 2016 வாக்கெடுப்பில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆதரித்தவர். அவருடைய வண்டியே ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போய்விட்டதே என்று பலர் கேட்டார்கள். நிறுவனத்தின் பக்கம் பார்த்தால் கணக்கு எளிது. வெறும் நிலத்தில் ஆலை கட்டுவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் ஆலையை வாங்குவது விரைவானது.

இதில் ஒன்று கவனிக்கத்தக்கது. 2019இல் அறிமுகமான லேண்ட் ரோவரின் சொந்தப் புதிய டிஃபென்டரும் பிரிட்டனில் தயாராகவில்லை. அது ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகரில் உருவாகிறது. பிரிட்டிஷ் கிராமப்புறத்தின் அடையாளமாக விற்கப்படும் இரண்டு வண்டிகளுமே ஐரோப்பியக் கண்டத்தில் பிறப்பவை.

விலையும் விற்பனையும்

கிரெனேடியரின் தொடக்க விலையைப் பிரிட்டனில் 49,000 பவுண்டு என்று 2022இல் அறிவித்தார்கள். பிறகு அது 60,000 பவுண்டைத் தாண்டியது. அமெரிக்காவில் 71,500 அமெரிக்க டாலரில் விற்பனை தொடங்கியது. விவசாயிகள், வனத்துறையினர், மீட்புக் குழுவினர் ஆகியோருக்கான வண்டி என்று விளம்பரம் சொன்னாலும், இந்த விலையில் சிறு விவசாயி ஒருவர் அதை வாங்குவது கடினம்.

விலை கூடியதற்குக் காரணம் பேராசை மட்டும் என்று சொல்லிவிட முடியாது. பழைய டிஃபென்டரை நிறுத்தவைத்த அதே விதிகளுக்குப் புதிய வண்டி கட்டுப்பட்டாக வேண்டும். அதற்கான இன்ஜினும் மின்னணுக் கருவிகளும் மோதல் சோதனைகளும் செலவு பிடிப்பவை. பெரிய கார் நிறுவனங்கள் அச்செலவை மில்லியன் கணக்கான வண்டிகளில் பகிர்ந்துகொள்ளும். ஒரே வகை வண்டியை மட்டும் விற்கும் புதிய நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை.

எல்லாப் பாகங்களையும் வெளியிலிருந்து வாங்கும் முறையின் பலவீனமும் வெளிப்பட்டது. 2024 ஜூலையில் ரெகாரோவின் கார் இருக்கைப் பிரிவு நொடித்துப்போனது. இன்ஜின் இருந்தது, சட்டம் இருந்தது, அமர இருக்கை இல்லை. செப்டம்பரில் ஹம்பாக் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. 2025 ஜனவரியில்தான் மீண்டும் தொடங்க முடிந்தது.

2023இல் 'குவார்ட்டர்மாஸ்டர்' என்ற பிக்கப் வகை அறிமுகமானது. கிரெனேடியரைவிட அதன் சக்கர இடைவெளி 305 மி.மீ. நீளம். 2024 பிப்ரவரியில் 'ஃபியூசிலியர்' என்ற மின்சார வண்டியைக் காட்டினார்கள். அதே ஆண்டில் அத்திட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

மற்ற ரெட்ரோ வாகனங்கள்

பழைய உருவத்தை மீட்டெடுக்கும் முயற்சி இனியோஸோடு தொடங்கியதல்ல. டொயோட்டா 2006இல் எஃப்ஜே குரூசரைக் கொண்டுவந்தது. அதன் வட்ட விளக்குகளும் வெள்ளைக் கூரையும் 1960களின் லேண்ட் குரூசரை நினைவூட்டின. 1996இல் நின்றுபோன பிராங்கோ பெயரை ஃபோர்டு 2020இல் மீட்டது. சுசுகி 2018இல் வெளியிட்ட நான்காம் தலைமுறை ஜிம்னியை நம் சாலைகளிலும் காண்கிறோம்.

இவற்றில் ஜிம்னியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் முழு அச்சு, தாழ்நிலை கியர் என்று கிரெனேடியரின் முக்கிய அம்சங்களில் மூன்று அந்தச் சிறிய வண்டியிலும் இருக்கின்றன. அதன் இன்ஜின் 1.5 லிட்டர்தான், எடையும் கிரெனேடியரின் பாதிக்கும் குறைவு. எளிய, உறுதியான வண்டியைக் குறைந்த செலவில் செய்வது என்ற பழைய லேண்ட் ரோவரின் நோக்கத்துக்கு எது நெருக்கம் என்று கேட்டால், உருவத்தில் கிரெனேடியர் என்றும் உள்ளத்தில் ஜிம்னி என்றும் சொல்லலாம்.

சுருக்கமாகச் சில விவரங்கள்

நீளம்: ஏறக்குறைய 4.9 மீட்டர்
எடை: 2.6 டன்னுக்கு மேல்
தரையிலிருந்து உயரம்: 264 மி.மீ.
கடக்கக்கூடிய நீரின் ஆழம்: 800 மி.மீ.
இழுக்கும் திறன்: 3,500 கிலோ
டீசல் இன்ஜினின் இழுவிசை: 550 நியூட்டன் மீட்டர்
பெட்ரோல் இன்ஜினின் இழுவிசை: 450 நியூட்டன் மீட்டர்
தயாரிப்பு: ஹம்பாக், பிரான்ஸ், 2022 அக்டோபர் முதல்

மீண்டது எது, மீளாதது எது?

கார் செய்து பழக்கமில்லாத ஒரு நிறுவனம் ஐந்தே ஆண்டில், காட்டுப் பாதையில் எவருக்கும் சளைக்காத வண்டியை உருவாக்கியது உண்மையிலேயே சாதனைதான். அச்சு, சட்டம், பூட்டு என்று எங்கெல்லாம் உறுதி தேவையோ அங்கெல்லாம் அது சமரசம் செய்துகொள்ளவில்லை.

ஆயினும் முதல் லேண்ட் ரோவரின் உருவம் பஞ்ச காலத்தின் உருவம். எஃகு இல்லை என்பதால் அலுமினியம், இயந்திரம் இல்லை என்பதால் தட்டைத் தகடு, பணம் இல்லாத விவசாயி வாங்க வேண்டும் என்பதால் குறைந்த விலை. இன்று அதே உருவத்தை வசதியானவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் தேவையால் வந்த எளிமைக்கு இன்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர் ஒருநாள் ஓய்ந்துவிடும். அன்று அதன் இடத்துக்கு வரப்போவது கிரெனேடியராக இருக்க வாய்ப்பு குறைவு. ஆசிய நிறுவனம் ஒன்றின் பிக்கப்பாகவோ சிறிய நான்கு சக்கர இயக்க வண்டியாகவோதான் அது இருக்கும். பழைய லேண்ட் ரோவர் செய்த வேலையை அந்த வண்டிகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. அதன் முகத்தை மட்டும் கிரெனேடியர் எடுத்துக்கொண்டது.